இல்துமிஷின் பிள்ளைகள்

பழைய தில்லியில் துருக்மான் கேட்டுக்குள் நுழைந்து, புல்புலி கானா எங்கே என்று கேட்டுக்கொண்டே போனால், சந்து சந்தாகத் திரும்பிக் கடைசியில் ஒரு குறுகிய முடுக்கில் கொண்டுவிடும். நாலு பக்கமும் வீடுகளின் சுவர்கள் எழும்பி நிற்க, நடுவே வானம் பார்த்த சிறு முற்றம். அதில் கரடுமுரடான கல்லால் கட்டிய இரண்டு சமாதிகள். தொல்லியல் துறையின் பலகை அதை ரஸியா சுல்தானின் கல்லறை என்கிறது. அக்கம்பக்கத்தார் வழிவழியாகச் சொல்லிவருவது 'ரஜ்ஜி ஷஜ்ஜி தர்கா'. ரஜ்ஜி என்பது ரஸியா, ஷஜ்ஜி என்பது தங்கை ஷாஸியா என்பார்கள். கல்லில் பெயர் எதுவும் வெட்டப்படவில்லை.

முதல்முறை அங்கே போனபோது என் மனத்தை அரித்தது அந்த இரண்டாவது சமாதிதான். ரஸியாவைப் பள்ளிக்கூடப் பாடப்புத்தகம் நமக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டது. பக்கத்தில் படுத்திருப்பது யார்? அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் ஒரு குடும்பத்தின் கதையே விரிகிறது. தில்லியைத் தலைநகராக நிலைநிறுத்திய சம்சுதீன் இல்துமிஷின் குடும்பம் அது. 1236இல் அவர் கண் மூடியபோது பிள்ளைகளும் பேரன்களும் நிறையவே இருந்தார்கள். முப்பதே ஆண்டுகளில், 1266இல், அவர் வாங்கிய பால்பன் என்னும் அடிமை அரியணையில் உட்கார்ந்திருந்தார். நடுவில் அந்தப் பிள்ளைகளுக்கு என்ன ஆயிற்று என்பதை ஆராய்ந்தவர்கள் எழுபது எண்பது ஆண்டுகளாக ஒரே சான்றுகளைத் திருப்பித் திருப்பிப் புரட்டி, வேறு வேறு முடிவுகளுக்கு வந்திருக்கிறார்கள்.

சான்று என்று முதலில் வைக்க வேண்டியது மினாஜ்-இ-சிராஜ் எழுதிய 'தபகாத்-இ-நாசிரி'. 1260இல் முடிந்த பாரசீக நூல். இவர் தூர நின்று எழுதியவர் அல்லர். ரஸியா இவருக்குத் தில்லியின் நாசிரியா மதரஸாவைக் கொடுத்தார். ரஸியாவைத் தள்ளிவிட்டு வந்த தம்பி பஹ்ராம் ஷா இவரைத் தலைமைக் காஜியாக்கினார். பஹ்ராமின் கடைசி நாள்களில் நடந்த கலவரத்தில் இவர் பள்ளிவாசலிலேயே தாக்கப்பட்டார். பிறகு பால்பனின் ஆதரவில் வாழ்ந்தார். அந்த வீட்டுச் சோற்றைத் தின்றவர் எழுதிய வரலாறு என்பதை மறக்காமல் படிக்க வேண்டும். இவர் சொல்வதைவிடச் சொல்லாமல் விடுவது சில இடங்களில் கனமானது. அடுத்தவர்கள் எல்லாரும் தொண்ணூறு நூறு ஆண்டு கழித்து எழுதியவர்கள்: 1334இல் தில்லிக்கு வந்து தங்கிய இப்னு பதூதா, 1350இல் தக்காணத்தில் இருந்து பாமினி சுல்தானுக்காகச் செய்யுளில் வரலாறு பாடிய இசாமி, 1357 வாக்கில் முதுமையில் எழுதிய ஜியாவுதீன் பரனி. இவர்களோடு நாணயங்கள், சில கல்வெட்டுகள், சில சமாதிகள். அவ்வளவுதான்.

இல்துமிஷே அடிமையாக வந்தவர். இல்பரி என்னும் துருக்கிய குலத்தில் பிறந்த அழகான சிறுவனைப் பொறாமை கொண்ட அண்ணன்மார் அடிமை வணிகனிடம் விற்றார்கள் என்று மினாஜ் எழுதுகிறார். யூசுப் நபியின் கதை அப்படியே இதில் நிழலாடுவதால் எவ்வளவு நம்புவது என்பது வாசிப்பவர் பொறுப்பு. புகாரா, கஜினி என்று கைமாறித் தில்லியில் குத்புதீன் ஐபக்கின் கைக்கு வந்தார். குவாலியர், பரன், பதாயூன் என்று ஒவ்வொரு ஊராகப் பொறுப்பு ஏறியது. 1210இல் லாகூரில் குதிரைமேல் இருந்து பந்தடிக்கும் சௌகான் ஆட்டத்தில் ஐபக் விழுந்து இறந்ததும், ஆராம் ஷா என்பவரை அங்கே சிலர் சுல்தானாக்கினார்கள். இந்த ஆராம் ஷா ஐபக்கின் மகனா என்பதே தீராத வழக்கு. ஐபக்கின் மூன்று மகள்களைப் பற்றி விவரமாகச் சொல்லும் மினாஜ், இவர் விஷயத்தில் தெளிவாக இல்லை. அக்பர் காலத்து அபுல் பசல் தம்பி என்கிறார். எப்படியானாலும் தில்லிக்காரர்கள் பதாயூனில் இருந்து இல்துமிஷை அழைத்தார்கள், ஆராம் ஷா தோற்றுப்போனார். ஐபக்கின் மகள்களில் ஒருவர் இல்துமிஷின் மனைவி. அரசு மருமகன் வழியாக வீடு மாறியது.

இல்துமிஷின் குடும்பத்தில் முதல் சாவு மூத்த மகனுடையது. நாசிருதீன் மஹ்மூத் வங்காளத்து லக்னௌதியை ஆண்டவர், தகப்பனுக்குப் பின் அவர்தான் என்று எல்லாரும் நினைத்திருந்தவர். 1229இல் அங்கேயே இறந்துபோனார். அவருக்காக 1231இல் தகப்பன் கட்டிய சமாதிதான் சுல்தான் காரி. நம் மலை மந்திர் இருக்கும் ராமகிருஷ்ணபுரத்தில் இருந்து வசந்த் குஞ்ச் தாண்டிப் போனால் சிறிது தூரம். வெளியே இருந்து பார்த்தால் சின்னக் கோட்டை. நான்கு மூலையிலும் கொத்தளம். உள்ளே முற்றத்தின் நடுவே எண்கோண மேடை, அதன் அடியில் படியிறங்கிப் போனால் இருட்டறையில் சமாதி. நாட்டில் ஓர் அரச குடும்பத்துக்கென எழும்பிய முதல் இஸ்லாமியச் சமாதிக் கட்டடம் என்று இதைச் சொல்வார்கள். மேலே நிற்கும் தூண்களில் பல பழைய கோயில்களில் இருந்தவை. வியாழக்கிழமைகளில் சுற்றுவட்டாரத்து இந்துக்களும் முஸ்லிம்களும் வந்து விளக்கேற்றுகிறார்கள். அவர்களுக்கு உள்ளே இருப்பவர் ஒரு பீர், சூஃபி மகான்.

மூத்தவர் போனதும் எழுந்த கேள்வி: அடுத்தது யார்? மினாஜ் சொல்லும் பதில் உலகறிந்தது. குவாலியர் படையெடுப்புக்குப் போனபோது தில்லியை ரஸியா பார்த்துக்கொண்டார்; திரும்பி வந்த சுல்தான், அவரை வாரிசாக அறிவிக்கும் ஆணையை எழுதச் சொன்னார்; வளர்ந்த ஆண்மக்கள் இருக்கும்போது பெண்ணா என்று அதிகாரிகள் தயங்க, என் பிள்ளைகள் இளமையின் கேளிக்கையில் முழுகியவர்கள், என் சாவுக்குப் பின் இவளைப் போல் தகுதியானவர் இல்லை என்று உங்களுக்கே புரியும் என்ற கருத்தில் பதில் சொன்னார். ஆனால் அதே மினாஜ் இன்னொன்றும் எழுதியிருக்கிறார். தம் கடைசிப் பயணத்தில் இருந்து திரும்பும்போது சுல்தான், மகன் ருக்னுதீன் பிரூஸைக் கூடவே தில்லிக்கு அழைத்துவந்தார். மூத்தவருக்கு அடுத்தவர் அவர் என்பதால் மக்கள் கண் அவர்மேல் இருந்தது. 1236 ஏப்ரலில் சுல்தான் இறந்ததும் எவரும் அந்த ஆணையை வாயில் எடுக்கவில்லை, பிரூஸ் அரியணை ஏறினார். ஆணை உண்மையில் எழுதப்பட்டதா, கடைசியில் தகப்பன் மனம் மாறினாரா, அல்லது ரஸியா வென்ற பிறகு அவருக்கு உரிமை தேடிப் பிறந்த கதையா? அறிஞர்கள் மூன்று பக்கமும் நிற்கிறார்கள். ஆணை ஒன்று இருந்தது, பின்னால் கைவிடப்பட்டது என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. ரஸியாவின் தொடக்ககால நாணயங்களில் தகப்பன் பெரிய சுல்தானாகவும் மகள் அவருக்குக் கீழ்ப்படியிலும் பொறிக்கப்பட்டிருக்கிறார்கள். தகப்பன் கொடுத்த உரிமை என்று சொல்லிக்கொள்ள அவரிடம் ஏதோ ஒன்று இருந்திருக்க வேண்டும்.

பிரூஸின் ஆட்சி ஏழு மாதம் நிறையவில்லை. ஆண்டது தாய் ஷா துர்கான் என்று மினாஜ் குற்றம் சாட்டுகிறார். அந்தப்புரத்தில் அடிமையாக இருந்து மேலேறிய அந்தப் பெண், கணவன் இறந்ததும் பழைய வன்மங்களை எல்லாம் தீர்த்துக்கொண்டார், குத்புதீன் என்ற சின்னப் பிள்ளையின் கண்ணைப் பிடுங்கிக் கொல்லவைத்தார் என்கிறார். அந்தப் பிள்ளையைப் பற்றி இதற்குமேல் ஒரு வரியும் இல்லை. வரலாற்றில் அவன் நுழைவதே அவன் கண் போன செய்தியோடுதான்.

பிரூஸ் கிளர்ச்சியை அடக்க ஊரைவிட்டுப் போயிருந்த வேளை ரஸியாவைக் கொல்ல ஷா துர்கான் முயன்றார், தில்லி மக்கள் திரண்டு அரண்மனையை வளைத்து அவரைச் சிறைப்பிடித்தார்கள் என்பது மினாஜின் வடிவம். ஒரு நூற்றாண்டு கழித்து இப்னு பதூதா காதில் விழுந்தது வேறு. நீதி கேட்பவர்கள் உடுத்தும் சாயத்துணியை உடுத்திக்கொண்டு, வெள்ளிக்கிழமைத் தொழுகைக் கூட்டத்துக்கு முன் மாடியில் வந்து நின்று, என் தம்பியைக் கொன்றவன் என்னையும் கொல்லப் பார்க்கிறான் என்று ரஸியா முறையிட்டாராம். நம் நெஞ்சில் நிற்பது இந்தக் காட்சி. கண்ணகி பாண்டியன் வாசலில் நின்றதைப் படித்து வளர்ந்தவர்களுக்கு இது சட்டென்று ஒட்டிக்கொள்ளும். ஆனால் இப்னு பதூதா அதே இடத்தில் கொல்லப்பட்ட தம்பியின் பெயரை மாற்றிச் சொல்கிறார், ரஸியாவுக்கும் பின்னால் சுல்தானான இளைய நாசிருதீனுக்கும் நடுவில் ஆண்ட இருவரை அறவே விட்டுவிடுகிறார். ஊர் வாயில் வாழ்ந்த நினைவு அது. மதிக்க வேண்டும், மினாஜை ஒதுக்கிவிட்டு எடுத்துக்கொள்ள முடியாது.

அப்படி அரியணை ஏறி மூன்றரை ஆண்டு ஆண்ட ரஸியாவின் முடிவைப் பற்றி எழுதப்பட்டவற்றில் பாதி, அபிசீனியரான யாகூத்தைப் பற்றியது. இங்கே வம்பு வளரும் விதத்தை ஒவ்வொரு நூலாகப் பார்க்கலாம். மினாஜ் சொல்வது, குதிரை லாயத்தின் தலைவரான அவர் ராணியின் அருகில் இருக்கும் உயர்வு பெற்றார், துருக்கியப் பிரபுக்களுக்கு அது பொறுக்கவில்லை என்பது மட்டும். நூறாண்டு கழித்து இசாமியின் கையில் அவர் ராணியைக் கைபிடித்துக் குதிரையேற்றுகிறார். 1983இல் 'ரஸியா சுல்தான்' திரைப்படத்தில் முழுக் காதல் கதை. முதல் சான்றில் காதல் இல்லை. துருக்கியர் அல்லாத ஒருவரை முக்கியப் பதவியில் வைத்துத் தனக்கென்று ஒரு பலத்தை ரஸியா கட்டப் பார்த்தார் என்பதுதான் இருக்கிறது. ஓர் ஆண் அரசன் இதைச் செய்தால் ராஜதந்திரம் என்று எழுதுவோம். பெண் செய்ததால் எழுநூறு எண்ணூறு ஆண்டுகளாக அவர் ஒழுக்கத்தைப் பேசிக்கொண்டிருக்கிறோம். எனக்கு இதில் உள்ள கோபம் சிறிதல்ல.

1240 ஏப்ரலில் தபர்ஹிந்தாவின், இன்றைய பத்திண்டாவின், ஆளுநர் அல்தூனியாவை அடக்கப் போன இடத்தில் பிரபுக்கள் யாகூத்தைக் கொன்று ரஸியாவைச் சிறையிட்டார்கள். தில்லியில் தம்பி பஹ்ராம் சுல்தானானார். பங்கு கிடைக்காத அல்தூனியா சிறையில் இருந்தவரை மணந்துகொண்டு தில்லி மேல் படை நடத்தினார். தோற்றார்கள், கைத்தல் அருகே படை சிதறியது, 1240 அக்டோபரில் அங்கிருந்த இந்துக்களின் கையில் இருவரும் இறந்தார்கள் என்கிறார் மினாஜ். இப்னு பதூதா சொல்வது தனியே ஓடிய ஒரு பெண்ணின் கதை. பசியால் ஓர் உழவனிடம் ரொட்டி வாங்கித் தின்று அயர்ந்து தூங்குகிறார், ஆணுடைக்குக் கீழே மணி பதித்த அங்கியை உழவன் பார்த்துவிடுகிறான், கொன்று புதைக்கிறான், துணியை விற்கப் போன இடத்தில் அகப்படுகிறான். சமாதி யமுனைக் கரையில், மக்கள் வந்து வேண்டிக்கொள்கிறார்கள் என்றும் சேர்க்கிறார். புல்புலி கானா அன்று ஊருக்கு வெளியே யமுனைப் பக்கத்துக் காட்டுவெளி. அந்த அளவில் இடம் பொருந்தும். கைத்தலிலும் ஒரு சமாதியைக் காட்டுகிறார்கள். உடலைத் தில்லிக்குக் கொண்டுவந்திருந்தால் இரண்டும் உண்மையாக இருக்கலாம். இரண்டாவது சமாதி அல்தூனியாவுடையதாக ஏன் இருக்கக் கூடாது என்று கேட்பவர்களும் உண்டு. ஊர் மக்கள் தங்கையையே வைத்திருக்கிறார்கள்.

இந்தக் குடும்பத்தின் புதிருக்குத் திறவுகோல் ரஸியாவின் கதையில் இல்லை, அவருக்குப் பிறகு 1242 மே மாதத்தில் ஒரே நாளில் நடந்த ஒன்றில் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். பஹ்ராமையும் பிரபுக்கள் தில்லியிலேயே முற்றுகையிட்டுப் பிடித்துக் கொன்றார்கள். ஊருக்குள் நுழைந்ததும் இஸ்ஸுதீன் பால்பன் கிஷ்லு கான் என்ற பிரபு தம்மையே சுல்தான் என்று முரசறைந்துவிட்டார். (பின்னால் அரசரான பால்பன் வேறு.) மற்றப் பிரபுக்கள் ஏற்கவில்லை. இல்துமிஷின் சமாதியில் கூடிப் பேசி, வெள்ளை அரண்மனைச் சிறைக்கு ஆளனுப்பி மூன்று இளவரசர்களை வெளியே கொண்டுவந்தார்கள்: இல்துமிஷின் மக்களான நாசிருதீன், ஜலாலுதீன், கொல்லப்பட்ட பிரூஸின் மகன் அலாவுதீன் மசூத். அதில் மசூத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அந்தப் பிரபுக்களில் பெரும்பாலோர் இல்துமிஷ் விலைகொடுத்து வாங்கி வளர்த்த அடிமைகள், 'பந்தகான்-இ-சம்சி'. 'நாற்பதின்மர்' என்று நாம் படித்த பெயர் பரனி பிற்காலத்தில் கொடுத்தது. தில்லிப் பல்கலைக்கழகத்தில் கற்பித்த சுனில் குமார் இவர்களைப் பற்றி எழுதியதில் ஒன்று மறக்க முடியாதது: குலம், உறவு, ஊர் எல்லாம் அறுந்த அவர்களுக்கு எசமானனோடு இருந்த கட்டு ஒன்றே அடையாளம். எசமானன் போனதும் அவர் பிள்ளைகளுக்கு அந்தக் கட்டு தானாக மாறவில்லை. ஆனால் அவர் ரத்தம் ஒன்றைச் சிம்மாசனத்தில் வைக்காமல், தம்மில் ஒருவனுக்கு மற்றவன் தலைவணங்கவும் வழி இல்லை. ஆகவே ஆளாத ஒரு சுல்தான் வேண்டும். ஆள முயன்றவர் எல்லாரும் இறந்தார்கள். பிரூஸ், ரஸியா, பஹ்ராம், மசூத் என்று பத்தே ஆண்டில் நால்வர். தகப்பன் ஒருவரே இருபத்தைந்து ஆண்டு ஆண்டிருந்தார். வெள்ளை அரண்மனையில் அடைபட்டிருந்த பிள்ளைகள் ஒருவகையில் முத்திரை மோதிரங்கள். ஒன்று உடைந்தால் அடுத்தது எடுக்கப் பெட்டியில் வைத்திருந்தார்கள்.

ஆதி மன்னர் குடும்பங்கள் பலவற்றில் இது நடந்திருக்கிறது. இங்கிலாந்தின் வடக்கே நார்தம்பிரியாவை ஆண்ட எட்வின் 633இல் போரில் விழுந்தபோது, ஒரு மகன் உடன் மடிந்தான். இன்னொரு மகன் எதிரியான பெண்டாவிடமே போய்ச் சேர்ந்து பின்னர் கொல்லப்பட்டான். ராணி கைக்குழந்தைகளைச் சொந்தக்காரர்களுக்கே பயந்து கடல் தாண்டிப் பிராங்கியருக்கு அனுப்ப, அங்கே அவை இறந்தன. இத்தனையும் நமக்குத் தெரிவது நூறாண்டு கழித்து பீடு என்னும் துறவி எழுதியதால். நம் பக்கத்தில் ஆதித்த கரிகாலன் கொலைக்குச் சாட்சி, காட்டுமன்னார்கோயில் பக்கத்து உடையார்குடிக் கோயில் சுவர். கொலைகாரரின் உறவினர் நிலத்தைப் பறித்த செய்தியைக் கல்லில் வெட்டிவைத்திருக்கிறார்கள். தில்லியில் இந்தக் குடும்பத்துக் கொலைகளுக்கு அப்படி ஒரு சுவர்கூட இல்லை.

எட்வினின் மகனைப் போலவே இங்கேயும் ஒருவர் எதிரியிடம் போனார். 1241 டிசம்பரில் மங்கோலியர் லாகூரைச் சூறையாடியிருந்தார்கள். அவர்களிடமே ஜலாலுதீன் 1248 வாக்கில் ஓடிப்போனார். அண்ணன் தம்பியிடம் இருப்பதைவிட மங்கோலியரிடம் இருப்பது பத்திரம் என்று ஓர் இளவரசனுக்குத் தோன்றியிருக்கிறது.

அந்த அண்ணன் தம்பிப் போட்டியில் தப்பித்தவர் நாசிருதீன். இறந்த மூத்தவரின் பெயரையே தாங்கியவர். மூத்தவர் இறந்தபின் பிறந்த பிள்ளைக்குத் தகப்பன் அந்தப் பெயரையே இட்டு, தாயோடு லோனி அரண்மனைக்கு அனுப்பி வளர்த்தார் என்கிறார் மினாஜ். இசாமி இவர் இல்துமிஷின் மகனே அல்லர், இறந்த மூத்தவரின் மகன் என்கிறார். பேரனாக இருந்து மகனாக எழுதப்பட்டாரா? இறந்த மகனின் குழந்தைக்குத் தாத்தா அதே பெயரிடுவது நமக்குப் புதிதில்லை. ஆனாலும் இவருடைய அவையில் இருந்து, இவர் பெயரையே நூலுக்கு இட்ட மினாஜ், தகப்பன் யாரென்பதில் தவறியிருப்பார் என்று கொள்வது கடினம். வேண்டுமென்றே மாற்றினார் என்றால் அது வேறு வழக்கு. பேரனைவிட மகன் என்பதற்கு அரியணையில் மதிப்பு அதிகம்.

1246இல் மசூதை இறக்க முடிவானதும், பஹ்ராயிச்சில் இருந்த நாசிருதீனுக்கு ரகசியமாக ஆள் போனது. வைத்தியத்துக்குப் போவதாகச் சொல்லித் தாய் புறப்பட்டார். மகன் இரவில் முகத்திரை அணிந்து பெண்போல் குதிரைமேல் தில்லி வந்து சேர்ந்தார். வயது பதினாறு பதினேழு. அதன்பின் இருபது ஆண்டு சுல்தானாக இருந்தார், அதாவது ஆளாமல் இருந்தார். 1249இல் பால்பன் தம் மகளை இவருக்குக் கட்டிக்கொடுத்து நாயிபாக, அதாவது சுல்தானின் பிரதிநிதியாக, எல்லா அதிகாரத்தையும் எடுத்துக்கொண்டார். 1253இல் ஒருமுறை பால்பனை விலக்கிப் பார்த்தார். மறு ஆண்டே திரும்ப அழைக்க வேண்டியதாயிற்று. தம்மை வேடமிட்டு அழைத்துவந்த தாய் குத்லுக் கான் என்ற பிரபுவை மறுமணம் செய்துகொண்டு எதிர்த்தரப்பில் போய் நின்றார். சுல்தான் குர்ஆனைப் படியெடுத்து வாழ்ந்தார் என்பது பழைய செய்தி. அவர் கையெழுத்துப் படி ஒன்றைத் தில்லிக் காஜி தமக்குக் காட்டியதாக இப்னு பதூதா எழுதியிருக்கிறார். மனைவியே சமைத்தார், வேலைக்காரி கேட்டும் சுல்தான் கொடுக்கவில்லை என்ற கதையை நான் நம்பவில்லை. பால்பனின் மகள் அந்த வீட்டில் ரொட்டி சுட்டிருக்க மாட்டார்.

1266இல் இவர் எப்படி இறந்தார் என்பதுதான் கடைசிப் பெரிய கேள்வி. மினாஜ் 1260இல் நிறுத்திவிட்டார். பரனி 1266இல், பால்பன் முடிசூடியதில் இருந்து தொடங்குகிறார். நடுவில் ஆறு ஆண்டு இருட்டு. பால்பன் நஞ்சிட்டார் என்கிறார் இசாமி. பால்பன்தான் கொன்றார் என்பதே இப்னு பதூதா கேட்டதும். நோயால் இறந்தார் என்று கொள்ளும் அறிஞர்கள், இருபது ஆண்டு பொறுத்திருந்தவர் கடைசியில் ஏன் அவசரப்பட வேண்டும் என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் தம் ஒன்றுவிட்ட சகோதரரான ஷேர் கானையே பால்பன் நஞ்சிட்டுக் கொன்றதாகப் பரனி எழுதுகிறார். சுல்தானைக் கொன்றார் என்று என்னால் தீர்ப்புச் சொல்ல முடியாது. அவரைவிட்டு அந்தச் சந்தேகத்தை எடுக்கவும் முடியவில்லை. ஒன்று மட்டும் நிச்சயம். நாசிருதீனுக்குப் பிறகு இல்துமிஷின் ஆண்வழியில் எவரும் தேடப்படவில்லை. 1242இல் கிஷ்லு கானைத் தடுத்த அந்தத் தயக்கம் 1266இல் செத்துப்போயிருந்தது. அதைச் சாகவிட்டவர் தாமே அந்த அடிமைகளில் ஒருவர் என்பதால், மிச்சமிருந்த பழைய தோழர்களை அவர் விட்டுவைக்கவில்லை.

இவர்கள் கிடக்கும் இடங்களும் கலங்கிய செய்திகளே. குதுப் மினார் வளாகத்தில் உள்ளே எங்கும் எழுத்து செதுக்கிய சிவப்புக் கல் மண்டபத்தை இல்துமிஷின் சமாதி என்கிறோம். அந்த எழுத்துகள் எதிலும் அவர் பெயர் இல்லை. கூரையும் இல்லை. பிரூஸ், பஹ்ராம் இருவரின் சமாதிகள் சுல்தான் காரிக்குப் பக்கத்தில், மலிக்பூரில் இருந்தன. பிற்காலத்துப் பிரூஸ் ஷா துக்ளக் தாம் பழுதுபார்த்தவற்றில் இவற்றையும் எழுதிவைத்திருப்பதால் அது தெரிகிறது. ஆண்டு கவிழ்க்கப்பட்ட தம்பிகள், இளமையில் போன அண்ணனுக்கு அருகில் கிடக்கிறார்கள்.

மகன்களையே எண்ணிக்கொண்டிருந்த பழைய நூல்கள் மகள்வழியை மெல்லிய குரலில்தான் சொல்கின்றன. நாசிருதீனின் ஒரு மகளைப் பால்பனின் மகன் புக்ரா கான் மணந்தார். அவர்களுடைய பிள்ளை கைகுபாத், 1287இல் பால்பனுக்குப் பிறகு தில்லியின் சுல்தான். ஆண்வழியில் அடிமையின் பேரன், பெண்வழியில் எசமானனின் ரத்தம். 1290இல் வாதத்தில் கைகால் விழுந்து கிடந்த அவரை கிலோகரி அரண்மனையில் உதைத்துக் கொன்று யமுனையில் தள்ளினார்கள். அதற்குச் சற்று முன்னரே, பிரபுக்கள் அவருடைய சின்ன மகன் கயூமர்ஸைத் தூக்கி அரியணையில் உட்காரவைத்திருந்தார்கள். வயது மூன்று இருக்கும். அந்தக் குழந்தைக்கு அவர்கள் சூட்டிய பட்டம் சம்சுதீன்.